கேள்வி – பதில்: மலேசியாவில் கோயில் வேலை, கொல்லையில் பன்னீர் திராட்சை

கேள்வி: கருங்கல் சிற்ப வேலை செய்கிறேன். கோயில் வேலைக்கு மலேசியா போனால் ஏப்ரல், மே இரண்டு மாதம்தான் ஊரில் இருப்பேன். கொல்லைப் பந்தலில் இரண்டு பன்னீர் திராட்சைக் கொடிகள், நட்டு நாலு வருடம் ஆகிறது. இலை மண்டிக் கிடக்கிறது, குலையைக் காணோம். உரம் போதவில்லையா?
– வாசகர், கம்பம்

பதில்: குறை உரத்தில் இல்லை, கவாத்தில்தான் (கொடியை அளவாக வெட்டிவிடுவதில்). திராட்சையில் குலை வருவது, முற்றிப் பழுப்பேறிய குச்சியின் கணுவிலிருந்து வெடிக்கும் புதுத் தளிரில். வெட்டாமல் விட்டால் நுனிக்கணு மட்டும் துளிர்த்துக் கொடி நீண்டுகொண்டே போகும். பந்தலுக்கு அடியில் இருட்டடித்து, நிழலில் கிடக்கும் மொட்டுகள் குலை பிடிக்காது.

பன்னீர் ரகத்துக்குக் கவாத்திலிருந்து அறுவடைக்குச் சுமார் 120 நாள். நீங்கள் வரும் ஏப்ரல் நடுவில் பழம் வேண்டுமானால் டிசம்பர் நடுவில் வெட்டியாக வேண்டும். அப்போது நீங்கள் ஊரில் இருக்க மாட்டீர்கள். அதனால் மே கடைசியில், கிளம்பும் முன் செய்யும் கவாத்தை வீட்டாரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள். அந்தக் காய் செப்டம்பர் கடைசிக்குள் பழுத்துவிடும். டிசம்பரில் அவர்களே வெட்டிக்கொள்வார்கள்.

வெட்டுவதற்கு ஒரு வாரம் முன்பே தண்ணீரை நிறுத்துங்கள். பென்சில் கனமுள்ள பழுப்புக் குச்சியில் அடியிலிருந்து நாலு கணு விட்டு, நாலாவது கணுவுக்கு ஒரு விரற்கடை மேலே வெட்டவும். மெலிந்த, முற்றாத குச்சிக்கு ஒன்றிரண்டு கணு போதும். அதில் இந்த முறை காய் எதிர்பார்க்காதீர்கள், அடுத்த கவாத்துக்கான குச்சி அதிலிருந்துதான் வரும். வெட்டியதும் தொழுவுரம் இட்டுத் தண்ணீர் கட்டுங்கள். பொட்டாஷ் (சாம்பல்சத்து) உரத்தில் பாதியை அப்போதும், மீதியை 60 நாள் கழித்தும் இடுங்கள். தளிர் 12 முதல் 15 கணு ஓடியதும் நுனியைக் கிள்ளி, பக்கத் தளிரையும், கொடி சுருண்டு பிடிக்கும் பற்றுக்கம்பியையும் எடுத்துவிட வேண்டும். அறுவடைக்கு ஒரு வாரம் முன் மறுபடி தண்ணீரை நிறுத்தவும்.

மே கடைசிக் கவாத்தில் வரும் தளிர் மழையில் மாட்டும். இலையின் அடிப்பக்கம் வெள்ளைப் பூசணம் படர்ந்தால் அது அடிச்சாம்பல் நோய். அதற்கு ஒரு சதவீத போர்டோ கலவை போதும். மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) 100 கிராமை 5 லிட்டர் தண்ணீரிலும், சுட்ட சுண்ணாம்பு 100 கிராமை இன்னொரு 5 லிட்டரிலும் தனித்தனியாகக் கரைக்கவும். இரும்பு வாளி ஆகாது, பிளாஸ்டிக் வாளிதான். துத்தக் கரைசலைச் சுண்ணாம்பில் கலக்கிக்கொண்டே ஊற்றுங்கள். துரு ஏறாத இரும்புக் கத்தியைச் சிறிது நேரம் முக்கி எடுத்துப் பாருங்கள். செம்பு நிறம் படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை. அப்படியே தெளித்தால் இலை கருகும். கலக்கிய அன்றே தெளித்துத் தீர்த்துவிட வேண்டும்.

கேள்வி: டூரிஸ்ட் விசாவில் போ, அங்கே போய் மாற்றிக்கொள்ளலாம் என்கிறார் ஏஜென்ட். ஒரு லட்சம் கேட்கிறார்.
– வாசகர், திருக்கழுக்குன்றம்

பதில்: போகாதீர்கள். சுற்றுலா விசாவில் உளியைத் தொட்டாலே சட்டவிரோத வேலைதான். அடிபட்டாலும், கூலி நின்றாலும் கேட்க நாதி இருக்காது. மலேசியாவுக்கு வேலை கொடுப்பவர் அங்கே அனுமதி வாங்கி அனுப்பும் ‘காலிங் விசா’தான் வழி. பத்தாம் வகுப்பு தேறாதவர் பாஸ்போர்ட் பெரும்பாலும் இசிஆர் வகை, அதாவது குடியேற்றச் சோதனை தேவைப்படும் வகை. அவருக்கு இந்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் குடியேற்ற அனுமதியும் வேண்டும். பதிவு பெற்ற முகவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணமே அதிகபட்சம் 30,000 ரூபாய், அதன்மேல் ஜிஎஸ்டி. லட்சம் கேட்கும்போதே ஆள் யார் என்று தெரிந்துவிட்டதே!

கேள்வி: நான் கல் மட்டுமே அடித்தவன். அங்கே சுதை வேலைதான் அதிகம் என்கிறார்கள். எவ்வளவு வித்தியாசம்?
– வாசகர், மாமல்லபுரம்

பதில்: நிறையவே. வெளிநாட்டுக் கோயில்களில் பெரும்பாலும் மூலவர் கல் சிலை இங்கிருந்து போகும். விமானமும் கோபுரமும் அங்கே செங்கல், கம்பி, சிமெண்டில் எழும். கல்லில் வெளியிலிருந்து உள்ளே போகிறீர்கள், சுதையில் உள்ளிருந்து வெளியே வருகிறீர்கள். கல்தச்சர் முதலில் தவறுவது இங்கேதான். உள்கட்டைச் சிலை அளவுக்கே கட்டிவிடுவார். மேலே பூச்சு ஏறியதும் முகமும் தோளும் ஊதிப்போகும். சுற்றிலும் 3 சென்டிமீட்டராவது குறைத்துக் கட்டுங்கள்.

முதல் பூச்சு ஒரு பங்கு சிமெண்டுக்கு மூன்று பங்கு மணல், ஒரு தடவைக்கு ஒன்றரை சென்டிமீட்டருக்கு மேல் வேண்டாம். இறுகுமுன் கீறிவிட்டால்தான் அடுத்தது பிடிக்கும். மேல்பூச்சுக்குச் சலித்த மணல், ஒன்றுக்கு இரண்டு. சிமெண்டைக் கூட்டினால் வலு கூடும் என்று நினைத்து அள்ளிப் போடுவார்கள். சுருங்கி மயிரிழை வெடிப்புத்தான் மிஞ்சும். ஈரச் சாக்கு போர்த்தி ஏழு நாள் காயவிடாமல் வைக்க வேண்டும். விரல், ஆயுதம் போன்ற மெல்லிய இடங்களுக்குத் துருப்பிடிக்காத ஸ்டீல் கம்பியே போடுங்கள். சாதாரணக் கம்பி துருப்பிடித்து உப்பும்போது விரலையே பிளந்துவிடும். கனடா மாதிரி குளிர்நாடானால் 5 டிகிரிக்குக் கீழே பூச்சு வேலையே வேண்டாம்.

கேள்வி: பட்டறையில் சேரும் கருங்கல் தூளைத் திராட்சைக் கொடிக்குப் போடலாமா?
– வாசகர், திருமுருகன்பூண்டி

பதில்: அதில் சாம்பல்சத்து உண்டு, ஆனால் கல்லிலிருந்து அது கரைந்து வர வருடங்கள் ஆகும். நைசுத் தூள் வேர்ப்பகுதியில் தண்ணீர் இறங்கும் வழியை அடைத்துவிடும். பட்டறையில் மிஞ்சும் நீளக் கற்கள்தான் கொடிக்கு உபயோகம்: எட்டடிக் கல்லை இரண்டடி புதைத்துப் பந்தல்கால் ஆக்குங்கள். மூலைக்கால்களை வெளிப்பக்கம் சற்றுச் சாய்த்து, கம்பியால் இழுத்து, மண்ணில் புதைத்த கல்லில் கட்டவும். இல்லாவிட்டால் காய்ப் பாரத்தில் பந்தல் நடுவே தொய்யும்.

அந்தத் தூளை அள்ளும்போதும் நனைத்தே அள்ளுங்கள். அதிலுள்ள சிலிகா நுரையீரலில் தங்கிவிட்டால் சிலிகோசிஸ் என்னும் நுரையீரல் நோய் வரும். அதைக் குணமாக்க மருந்தில்லை. முகத்தில் கட்டும் துண்டு இந்தத் தூசியைத் தடுக்காது, என்95 முகமூடி வேண்டும். கிரைண்டர் ஓடும்போது தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கட்டும்.