நேரில் பெரிய மலை, படத்தில் சின்ன மேடு: நிலக்காட்சிப் படங்கள் பற்றிய கேள்வி பதில்

நிலக்காட்சிப் படம் எடுக்க இப்போதுதான் தொடங்கியிருப்பவர்கள் கேட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்லியிருக்கிறேன். "எந்த கேமரா வாங்கலாம்?" என்று கேட்டவர்கள் மன்னிக்கவும். கையில் இருப்பதே போதும் என்பதுதான் அந்தக் கேள்விகளுக்கு என் பதில்.

கேள்வி: சார், நேரில் பார்த்தபோது மலை வானத்தை முட்டுகிற மாதிரி இருந்தது. படத்தில் ஏதோ மண்மேடு போலத் தெரிகிறது. 18-55 லென்ஸில் 18இல் வைத்து எடுத்தேன். லென்ஸில் கோளாறா?

லென்ஸ் நன்றாகத்தான் இருக்கிறது. 18இல் வைத்ததுதான் காரணம். அந்த எண் லென்ஸின் குவியத் தூரம், மி.மீ.யில். எண் சிறிதானால் காட்சி அகலமாகும், பெரிதானால் தூரத்தில் இருப்பது நெருங்கி வரும். நாம் நேரில் பார்க்கும்போது மலையை மட்டும்தான் பார்க்கிறோம். சுற்றியுள்ள வெற்றுத் தரை, மின்கம்பி, பாதி வானம் எல்லாம் கண்ணில் பட்டாலும் மனசில் பதிவதில்லை. கேமராவுக்கு அந்தப் பாரபட்சம் கிடையாது. 18இல் வைத்தால் அத்தனையையும் உள்ளே இழுத்துப்போட்டு, மலைக்கு ஒரு மூலையை ஒதுக்கிவிடும்.

அதே இடத்தில் நின்று லென்ஸை 55க்குத் திருப்பிப் பாருங்கள். மலை சட்டத்தை நிறைக்கும். 70-200 போன்ற நீள லென்ஸ் இருந்தால் இன்னும் நல்லது. நிலக்காட்சி என்றாலே அகலமாகக் காட்டும் வைடு லென்ஸ்தான் என்று யாரோ கிளப்பிவிட்டது இன்றுவரை ஓடிக்கொண்டிருக்கிறது.

அளவு தெரிய ஏதாவது ஒன்று படத்துக்குள் இருப்பதும் முக்கியம். அடிவாரத்தில் ஒரு மரம், ஒரு வீடு, நடந்துபோகிற ஒரு ஆள், எதுவாகவும் இருக்கலாம். பக்கத்தில் ஒப்பிட ஒன்று இல்லாவிட்டால் ஆயிரம் மீட்டர் மலையும் பத்து மீட்டர் பாறையும் படத்தில் ஒன்றுதான்.

18இலேயே எடுக்க ஆசை என்றால், காலடியில் ஒரு மீட்டருக்குள் ஏதாவது வேண்டும். பாசி பிடித்த கல்லோ, புல் கொத்தோ, தண்ணீர் தேங்கிய பள்ளமோ, ஏதோ ஒன்று. குனிந்து, தேவைப்பட்டால் முழங்காலிட்டு, அதற்கு அருகில் போய் எடுங்கள். பக்கத்தில் இருப்பதைப் பெரிதாக்கிக் காட்டுவதில்தான் வைடு லென்ஸின் கெட்டிக்காரத்தனம் இருக்கிறது.

இன்னொன்று. பட்டனை அமுக்குவதற்கு முன்னால், "இந்தப் படம் எதைப் பற்றி?" என்று உங்களையே கேட்டுப் பாருங்கள். "மலை, ஆறு, மேகம், மரம் எல்லாமே அழகா இருக்கே" என்பது பதில் ஆகாது. ஒன்றைச் சொல்லுங்கள். அப்புறம் அந்த ஒன்றுக்கு உதவாததைச் சட்டத்துக்கு வெளியே தள்ளுங்கள்.

கேள்வி: என்னிடம் மொபைல் மட்டும்தான் இருக்கிறது. அதில் எடுத்தால் உருப்படியாக வருமா?

தாராளமாக வரும். முதலில் லென்ஸைத் துடையுங்கள். சிரிக்காதீர்கள், மாலை வெயிலில் எடுத்த மொபைல் படங்கள் புகை படிந்த மாதிரி இருப்பதற்குப் பெரும்பாலும் விரல் ரேகைதான் காரணம்.

இரண்டு விரலால் இழுத்துப் பெரிதாக்காதீர்கள். பெரும்பாலும் அது படத்தை வெட்டிப் பெரிதாக்குவதுதான். மொபைலில் 2எக்ஸ், 3எக்ஸ் என்று தனி லென்ஸ் இருந்தால் அதற்கு மாற்றுங்கள், இல்லையென்றால் நடந்து அருகில் போங்கள். 0.5எக்ஸ் லென்ஸின் சென்சார் (ஒளியைப் பதிவு செய்யும் சில்லு) பல மொபைல்களில் முதன்மை லென்ஸினுடையதைவிடச் சிறியது. அந்தி மங்கலில் அதை நம்ப வேண்டாம்.

முக்கியமான விஷயம், வெளிச்ச அளவை மொபைலின் விருப்பத்துக்கு விட்டுவிடாதீர்கள். அந்தி நேரத்தைப் பகல் ஆக்கிவிடுவதில் அதற்குத் தனி ஆர்வம். திரையில் வானத்தின் பிரகாசமான பகுதியைத் தொட்டு, பக்கத்தில் வருகிற சூரியக் குறியைக் கீழே இழுங்கள். உங்கள் கண் பார்த்த அளவுக்கு இருட்டானதும் எடுங்கள்.

அருகிலும் தூரத்திலும் ஒரே சமயத்தில் ஃபோகஸ் கிடைப்பதில் மொபைல்காரர்கள் கொடுத்துவைத்தவர்கள். சென்சார் சின்னது என்பதால் அது பெரும்பாலும் தானாகவே நடந்துவிடும். அடுத்த இரண்டு கேள்விகளை நீங்கள் தாண்டிப் போகலாம்.

கேள்வி: நிலக்காட்சி முழுக்கத் தெளிவாக வர, அபெர்ச்சரை, அதாவது லென்ஸின் ஒளித் துளையை, எஃப் 22க்குச் சுருக்கச் சொல்கிறார்கள். சிலர் எஃப் 11 போதும் என்கிறார்கள். பழைய மேதைகள் எஃப் 64இல் எடுத்திருக்கிறார்களே?

எடுத்தார்கள். 1932இல் சான் பிரான்சிஸ்கோ பகுதியில் ஆன்செல் ஆடம்ஸ், எட்வர்ட் வெஸ்டன், இமோஜென் கன்னிங்ஹாம் முதலானோர் சேர்ந்து தொடங்கிய குழுவின் பெயரே 'எஃப்/64'தான். ஆனால் அவர்கள் கையில் இருந்தவை பெரிய வியூ கேமராக்கள். 8க்கு 10 அங்குல ஃபிலிம் தாளில் எஃப் 64 என்பது வேறு கணக்கு.

எஃப் எண் கூடினால் அபெர்ச்சர் துளை சிறுக்கும். துளை சிறுக்கச் சிறுக்க, அதன் வழியாக வருகிற ஒளி விளிம்பில் வளைந்து சிதறுகிறது. அதனால் ஒவ்வொரு புள்ளியும் கொஞ்சம் கரைந்துபோகிறது. சென்சார் சின்னதாக இருந்தால் இந்தக் கரைசல் சீக்கிரமே கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்துவிடும். உங்கள் கிட் லென்ஸை, அதாவது கேமராவோடு சேர்ந்து வந்த லென்ஸை, எஃப் 8, எஃப் 11, எஃப் 22 மூன்றிலும் வைத்து ஒரே காட்சியை எடுத்து, கணினியில் நூறு சதவீதத்துக்குப் பெரிதாக்கிப் பாருங்கள். மூன்றில் எஃப் 22 படம்தான் மங்கலாகத் தெரியும். வேறு காரணம் இல்லாதபோது எஃப் 8க்கும் 11க்கும் நடுவில் இருங்கள்.

கேள்வி: சரி, ஃபோகஸ் எங்கே வைப்பது? முன்னாலிருக்கும் கல்லிலா, தூரத்து மலையிலா?

இரண்டுக்கும் நடுவில், ஆனால் கல்லுக்குக் கிட்டத்தில். கிட் லென்ஸ் கேமராக்களில் பெரும்பாலும் இருக்கும் ஏபிஎஸ்-சி சென்சாரில், 18 மி.மீ., எஃப் 11 என்று வைத்து ஏறக்குறைய 1.5 மீட்டர் தூரத்தில் ஃபோகஸ் செய்தால், சுமார் 75 செ.மீ. முதல் அடிவானம் வரை ஏற்கத்தக்க தெளிவு கிடைக்கும். இதற்கு ஹைப்பர்ஃபோகல் தூரம் என்று பெயர்.

'ஏற்கத்தக்க' என்ற சொல்லைக் கவனியுங்கள். இந்தக் கணக்கில் தூரத்து மலை பாஸ்மார்க் வாங்கும், அவ்வளவுதான். மலைதான் படத்தின் நாயகன் என்றால் இரண்டு மூன்று மீட்டருக்குத் தள்ளி ஃபோகஸ் செய்யுங்கள். எடுத்ததும் கேமரா திரையில் பெரிதாக்கி, கல்லையும் மலையையும் ஒரு தடவை பார்த்துவிட்டு நகருங்கள். கல் மங்கலாக இருந்தால் ஓரடி பின்வாங்கி மறுபடி எடுப்பது அந்த நிமிடத்தில் சுலபம். வீட்டுக்கு வந்தபின் முடியாது.

கேள்வி: வானம் எப்போதும் வெள்ளையடித்த சுவர் மாதிரி வருகிறது. வானத்தைச் சரிசெய்தால் தரை கறுப்பாகிவிடுகிறது. என்ன செய்ய?

வானத்துக்கும் தரைக்கும் நடுவில் உள்ள வெளிச்ச வித்தியாசம் சென்சார் தாங்குகிற அளவைத் தாண்டும்போது இப்படி ஆகிறது. ஒரேயடியாக வெளுத்துப்போன இடத்தில் எந்தத் தகவலும் மிச்சமிருக்காது, எந்த மென்பொருளாலும் அதை மீட்க முடியாது. இருட்டில் ஓரளவு மிச்சம் இருக்கும். அதனால் வானத்தைக் காப்பாற்றுங்கள், தரையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை (கேமரா தானாக வைக்கும் வெளிச்ச அளவைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பு) மைனஸ் 1இல் வைத்து எடுத்துப் பாருங்கள். வெளுத்த இடங்கள் மினுக்கிக் காட்டுகிற எச்சரிக்கை பெரும்பாலான கேமராக்களின் மெனுவில் இருக்கிறது. அதைப் போட்டுவையுங்கள். ஹிஸ்டோகிராம், அதாவது இருட்டு இடதிலும் வெளிச்சம் வலதிலுமாகக் காட்டும் வரைபடம், வலதுபக்கச் சுவரில் மோதி நிற்கிறது என்றால் இன்னும் குறைக்க வேண்டும். வெயிலில் கேமரா திரையை நம்பி வெளிச்சத்தை முடிவு செய்யாதீர்கள், ஹிஸ்டோகிராமை நம்புங்கள்.

ரா ஃபைலில், அதாவது சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் கோப்பில், எடுத்தால் தரையை மீட்க இடம் நிறைய. ஜேபெக் படத்தில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிநிலைகள்தான். 12 பிட் ராவில் 4096, 14 பிட் ராவில் 16,384. நிழலைத் தூக்கும்போது அந்தப் படிகள்தான் கை கொடுக்கும்.

இதெல்லாம் போக, ஒரு எளிய வழி உண்டு. சூரியன் உங்களுக்குப் பக்கவாட்டில் இருக்கும்படி திரும்பி நில்லுங்கள். பிரச்சினை பாதியாகக் குறையும். மேகமே இல்லாத மொட்டை வானமாக இருந்தால் அதற்குச் சட்டத்தில் எதற்கு பாதி இடம்? மேலே ஒரு கீற்று விட்டால் போதும், சில படங்களுக்கு அதுவும் தேவையில்லை.

கேள்வி: அடிவானத்தை நடுவில் வைக்கவே கூடாதா?

வைக்கலாம். அசையாத நீரில் மலையின் பிம்பம் விழும்போது நடுவில் வைத்தால்தான் அழகு. மற்ற நேரத்தில் வானம் சுவாரசியமா, தரை சுவாரசியமா என்று முடிவெடுத்து, அதற்கு அதிக இடம் கொடுங்கள். அடிவானத்தைப் படத்தின் மேலிருந்தோ கீழிருந்தோ மூன்றில் ஒரு பங்கில் வைக்கச் சொல்லும் விதி என்பது அந்த முடிவை எடுக்கத் தயங்குகிறவர்களுக்கான ஊன்றுகோல். கோடு நேராக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். கடல் ஒருபக்கம் வழிந்துபோகிற மாதிரி இருந்தால் வேறு எதையும் யாரும் பார்க்க மாட்டார்கள்.

கேள்வி: அண்ணா, விடியற்காலையில் எல்லாம் என்னால் போக முடியாது. பத்து மணிக்கு மேல்தான் நேரம். படமே எடுக்க வேண்டாமா?

எடுங்கள். ஆனால் பத்து மணி வெயிலுக்கு எது பொருந்துமோ அதை எடுங்கள். காலை, மாலை வெளிச்சத்தைப் புகழ்வது அதன் பொன் நிறத்துக்காக மட்டும் இல்லை. சூரியன் தாழ்ந்திருக்கும்போது வெளிச்சம் பக்கவாட்டில் விழுகிறது. ஒவ்வொரு மேடும் பள்ளமும் நிழல் போட்டுத் தன் உருவத்தைக் காட்டுகிறது. உச்சி வெயிலில் அந்த நிழல் காலடிக்குள் சுருண்டுவிடும், நிலம் தட்டையாகிவிடும்.

உச்சி வேளையில் காட்டுக்குள் போங்கள், அருவிக்குப் போங்கள், நிழலில் இருக்கும் பள்ளத்தாக்கைத் தேடுங்கள். வானம் மூட்டமாக இருந்தால் காட்டுக்குள் அதைவிட நல்ல வெளிச்சம் கிடையாது. இலையில் பளபளப்பும் திட்டுத்திட்டான வெயிலும் இருக்காது. வெயில் கொளுத்தும் வெட்டவெளி என்றால் கறுப்பு வெள்ளையில் முயன்று பாருங்கள். மேகத் திட்டுகள் தரையில் நிழல் ஓட்டுகிற நாட்களும் உண்டு. வெயில் சரியாக உங்கள் மரத்தின்மேல் மட்டும் விழுகிற அந்தச் சில நொடிகளுக்காகக் காத்திருப்பது தனி சுகம்.

மாலையில் போக முடிகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. சூரியன் மறைந்ததும் எல்லோரும் மூட்டையைக் கட்டுகிறார்கள். நில்லுங்கள். நிலநடுக்கோட்டை ஒட்டிய பகுதிகளில் அதற்குப் பிறகும் சுமார் இருபது நிமிடம் வானத்தில் நிறம் இருக்கும். துருவத்தை நோக்கிப் போகப் போக இன்னும் கூடுதலான நேரம்.

கேள்வி: அருவித் தண்ணீர் பட்டுத்துணி போல வர என்ன செட்டிங்?

ட்ரைபாட் வைத்து, ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன்) 100, ஷட்டர் திறந்திருக்கும் நேரம் கால் நொடியிலிருந்து ஒரு நொடிக்குள். வெளிச்சம் அதிகமாக இருந்து அவ்வளவு நேரம் திறந்துவைக்க முடியாவிட்டால் ஒளியைக் குறைக்கும் கறுப்புக் கண்ணாடியான என்டி ஃபில்டர் தேவை. ஒரு ஸ்டாப் என்றால் ஒளி பாதியாகும். 3 ஸ்டாப் ஃபில்டர் ஒளியை எட்டில் ஒன்றாக்கும், 10 ஸ்டாப் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒன்றாக்கும். 1/30 நொடி போதும் என்ற இடத்தில் 10 ஸ்டாப் போட்டால் அரை நிமிடத்துக்கு மேல் ஆகும். அருவிக்கு 3 போதும்.

எனக்கு என்னவோ தண்ணீர் முழுக்கப் பாலாகிவிடுவது பிடிப்பதில்லை. 1/8 நொடி பக்கம் வைத்தால் நீர் ஓடுவதும் தெரியும், நீர் என்பதும் தெரியும்.

கேள்வி: போலரைசர் ஃபில்டர் வாங்க வேண்டுமா? மென்பொருளிலேயே வானத்தை நீலமாக்கலாமே?

வானத்தை நீலமாக்கலாம். ஈரப் பாறையிலும் இலையிலும் இருக்கிற வெள்ளைப் பளபளப்பை எடுத்துவிட்டு அடியில் உள்ள நிறத்தைக் காட்டுவது மென்பொருளால் ஆகாது. நான் ஒரே ஒரு ஃபில்டர் வாங்கச் சொல்வேன் என்றால் இதுதான்.

சூரியனுக்குச் செங்குத்தான திசையில்தான் அது வானத்தில் வலுவாக வேலை செய்யும். அதனால் வைடு லென்ஸில் வானத்தின் ஒரு பகுதி மட்டும் திட்டாகக் கறுத்துவிடும், பார்த்துக்கொள்ளுங்கள். ஒன்றிலிருந்து இரண்டு ஸ்டாப் வெளிச்சத்தையும் அது தின்றுவிடும். வானவில்லை எடுக்கும்போது ஃபில்டரை மெதுவாகத் திருப்புங்கள், தவறான கோணத்தில் வானவில்லே காணாமல் போய்விடும்.

கேள்வி: முழு நிலா எழும்போது எடுத்தேன். படத்தில் மிளகு அளவுதான் வருகிறது.

மலைக்குச் சொன்ன அதே பதில்தான், இங்கே இன்னும் கடுமையாக. நிலா வானத்தில் அடைத்துக்கொள்வது அரை டிகிரிதான். லென்ஸின் மி.மீ. எண்ணை 110ஆல் வகுத்தால் சென்சாரில் விழுகிற நிலாவின் அளவு மி.மீ.யில் கிடைக்கும். 200 மி.மீ. லென்ஸில் கிட்டத்தட்ட 1.8 மி.மீ., 18 மி.மீ. லென்ஸில் 0.2கூட இல்லை. நீள லென்ஸோடு, ஒரு மரத்திலிருந்தோ கோபுரத்திலிருந்தோ வெகுதூரம் பின்னால் போய் நின்று எடுத்தால், அதன் பக்கத்தில் நிலா பெரிதாகத் தெரியும்.

பௌர்ணமிக்கு முந்தைய மாலை போங்கள். அன்று சூரியன் மறைவதற்குக் கொஞ்சம் முன்பே நிலா எழுந்துவிடும். தரையிலும் வெளிச்சம் இருப்பதால் இரண்டும் ஒரே படத்தில் அடங்கும்.

கேள்வி: ட்ரைபாட் இல்லாமல் சமாளிக்க முடியாதா?

பகலில் முடியும். 55 மி.மீ. என்றால் ஷட்டர் 1/80 நொடியைவிட அதிக நேரம் திறந்திருக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். அந்திக்கும் அருவிக்கும் ட்ரைபாட் வேண்டும். அதில் வைத்ததும் கை ஆட்டத்தைச் சரிசெய்யும் லென்ஸின் ஸ்டெபிலைசரை அணைத்து, 2 நொடி டைமர் போடுங்கள். நடுத்தண்டை உயர்த்தாதீர்கள், காற்றில் ஆடும்.

கேள்வி: எடிட்டிங்கில் எவ்வளவு செய்யலாம்?

நிறத்தின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் சாச்சுரேஷன் பட்டையைத் தொடாமல் முதலில் வெளிச்சத்தை மட்டும் திருத்துங்கள். எதைப் பற்றிய படம் என்று முடிவு செய்தீர்களோ அதைக் கொஞ்சம் வெளிச்சமாக்கி, ஓரங்களைக் கொஞ்சம் இருட்டாக்கினாலே பெரும்பாலும் வேலை முடிந்தது. பச்சை நிறம் கண்ணைக் குத்தினால் மட்டும் சாச்சுரேஷன் பட்டையைப் பின்னால் இழுங்கள். மறுநாள் திறந்து பார்த்துவிட்டுத்தான் யாருக்கும் அனுப்ப வேண்டும்.

கேள்வி: ஏசி அறையிலிருந்து விடியலில் வெளியே வந்ததும் லென்ஸ் பனிமூட்டம் போட்டுவிடுகிறது. துடைத்தாலும் மறுபடி வருகிறது.

துடைக்காதீர்கள். குளிர்ந்த கண்ணாடியில் வெளிக்காற்றின் ஈரம் படிகிறது, கண்ணாடி சூடாகும்வரை அது படிந்துகொண்டேதான் இருக்கும். இரவே கேமராவை ஏசி இல்லாத அறையில் வைத்துவிடுங்கள். மறந்துவிட்டால், பையை மூடியபடியே வெளியே கொண்டுவந்து அரைமணி நேரம் கழித்துத் திறங்கள். கடற்கரையாக இருந்தால் முதலில் புளோயரால் மணலை ஊதிவிட்டு, அப்புறம்தான் துணி.