"டைல்ஸ் கம்பெனிக்குப் போகவா இவ்வளவு கட்-ஆஃப்?" என்று கேட்ட அம்மாவுக்கு

மகளுக்குக் கிண்டி ஏ.சி.டெக்கில் (அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரி) செராமிக் டெக்னாலஜி கிடைத்ததற்கா இவ்வளவு கலக்கம்? டைல்ஸும் அந்தத் துறையில் உண்டு, மறைக்கவில்லை. மாற்று இடுப்பு மூட்டின் உருண்டையும், அதிவேக பேரிங்கில் ஓடும் சிலிக்கான் நைட்ரைடு என்ற செராமிக் குண்டும் அதே துறைதான் அம்மா.

அதில் கிரைண்டிங், அதாவது தேய்த்து அளவுக்குக் கொண்டுவருவது, என்ற ஒரு வேலையை மட்டும் சொல்கிறேன், மகளையும் பக்கத்தில் உட்கார வைத்துப் படியுங்கள். அழுத்தி வடித்த செராமிக் பொடி, சூளையில் சுடும்போது நீளத்தில் பெரும்பாலும் 15 முதல் 20 சதவீதம் சுருங்கிவிடும். மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) சுத்தமாக அளவு வேண்டுமென்றால் சுட்ட பிறகுதான் தேய்க்க முடியும். அப்போது அது எஃகைவிடக் கடினம். வைரத் துகள் பதித்த சக்கரம்தான் வேலைக்கு ஆகும்.

எஃகைத் தேய்த்தால் பிசிறு சுருளாக வரும். செராமிக்கில் வைர முனை அழுந்திய இடத்தில் இரண்டு விதமாக விரிசல் விடும். மேற்பரப்பை ஒட்டிப் பக்கவாட்டில் ஓடுவது சில்லாகப் பெயரும். பொருள் தேய்ந்து அளவுக்கு வருவதே பெரும்பாலும் அதனால்தான். செங்குத்தாக உள்ளே இறங்குவதுதான் வில்லன். பாகம் பளபளவென்று இருக்கும், பாரம் ஏறும்போது அங்கிருந்து உடையும். வெட்டும் ஆழத்தை ஒரு எல்லைக்குக் கீழே, பல செராமிக்குகளில் ஒரு மைக்ரானுக்கும் கீழே, கொண்டுபோனால் விரிசலில்லாமல் உலோகம் மாதிரி இழையும். அந்த எல்லைக்கு 1991-ல் பிஃபானோ குழுவினர் ஒரு சூத்திரம் கொடுத்தார்கள். யங் குணகம் (பொருளின் விறைப்பு), கடினத்தன்மை, முறிவு எதிர்ப்பு மூன்றும் அதில் வரும். ஆனால் அத்தனை மெல்லத் தேய்த்தால் செலவு எகிறும். எவ்வளவு வேகம், எவ்வளவு விரிசல் தாங்கும் என்று முடிவு செய்யத்தான் இன்ஜினியர். மழுங்கிய அம்மியைக் கொத்துவது போல அந்தச் சக்கரத்தையும் அவ்வப்போது கூர் தீட்ட வேண்டும், அது தனி வித்தை.

வேலை? கிரைண்டிங் சக்கரம் செய்யும் கார்போரண்டம் யுனிவர்சல் கம்பெனி சென்னையிலேயே இருக்கிறது. டைல்ஸ் என்றால் குஜராத்தின் மோர்பி வரை போக நேரலாம். வீட்டுப் பக்கத்திலேயே வேலை வேண்டும் என்பவர்களுக்கு இந்தப் பிரிவு சரிப்படாது. இன்டர்ன்ஷிப் போகும் இடத்தில் தண்ணீர் விட்டுத் தேய்க்கிறார்களா, தூசி உறிஞ்சும் இயந்திரம் ஓடுகிறதா என்று முதல் நாளே பார்க்கச் சொல்லுங்கள். சிலிக்கா தூசி நுரையீரலைக் கெடுக்கும்.

கவுன்சிலிங்கில் சீட்டை உறுதி செய்யுமுன் அவளிடம் ஒன்று கேளுங்கள்: பிளஸ் ஒன் இயற்பியலில் மீட்சிப் பண்பு, யங் குணகம் பாடத்தை ரசித்தாளா, மார்க்குக்காக உருப்போட்டாளா? உருப்போட்டாள் என்றால், பட்டியலில் இதற்கு மேலே வைத்த விருப்பத்துக்குக் காத்திருக்கும் வாய்ப்பை விடாதீர்கள்.