எட்டு நாளில் ரோம், ஃப்ளோரன்ஸ், வெனிஸ்: டிக்கெட் செலவில் எதை விடலாம்?

மூன்று ஊருக்கும் அருங்காட்சியக டிக்கெட்டைக் கூட்டிப் பார்த்தால் விமான டிக்கெட்டையே தொட்டுவிடும் போலிருக்கிறது, எதை விட்டால் பின்னால் வருத்தப்பட மாட்டோம் என்று கேட்டிருக்கிறீர்கள். நிறையவே விடலாம். ஆனால் சர்ச்சுகளை மட்டும் விட்டுவிடாதீர்கள். நான் அம்மாவைக் கூட்டிக்கொண்டு ஒரு மே மாதம் போய்வந்தேன். அதை வைத்துத்தான் சொல்கிறேன்.

காசு கொடுத்தே ஆகவேண்டியவை ரோமில் இரண்டு. கொலோசியம் டிக்கெட்டிலேயே பக்கத்திலிருக்கும் பழைய ரோமின் இடிபாடுகளான ஃபோரமும் பாலட்டைன் குன்றும் அடக்கம். டிக்கெட்டில் பெயர் இருக்கும், அதனால் பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும். இன்னொன்று வாட்டிகன் அருங்காட்சியகம். சிஸ்டைன் சேப்பலுக்கு அதன் வழியாகத்தான் போக முடியும். ஃப்ளோரன்ஸில் மைக்கேலாஞ்சலோவின் டேவிட் சிலைக்கான வரிசையை நாங்கள் விட்டோம், வருத்தம் இல்லை. 1873 வரை அது நின்ற சதுக்கத்தில் இப்போது ஒரு நகல் நிற்கிறது, சும்மாவே பார்த்துக்கொள்ளலாம். (இதற்காக என்னைத் திட்டுகிறவர்கள் பின்னூட்டத்தில் திட்டலாம்.)

சரி, சர்ச்சுக்கு வருகிறேன். ரோமில் பியாட்சா நவோனாவிலிருந்து நாலு எட்டு நடந்தால் சான் லூயிஜி தேய் ஃப்ரான்செசி. பிரெஞ்சுக்காரர்களின் சர்ச். நுழைவு இலவசம். இடப்பக்கம் கடைசிச் சிற்றாலயத்தில் கரவாஜ்ஜியோ வரைந்த மூன்று ஓவியங்கள் இருக்கின்றன, மூன்றுமே வரி வசூலிப்பவராக இருந்து இயேசுவின் சீடரான புனித மத்தேயுவின் கதை. நாங்கள் முதலில் போனபோது கதவு சாத்தியிருந்தது. மதியம் பூட்டிவிட்டு இரண்டு மணி நேரம் கழித்துத்தான் திறப்பார்கள் என்பதை நான் பார்த்துவைக்கவில்லை. “ஏண்டா, இங்கேயும் நடை சாத்திடுவாங்களா?” என்று அம்மா கேட்டார். முட்டிவலியோடு அந்தக் கருங்கல் பாவிய தெருவில் நடந்து வந்தவரிடம் என்ன பதில் சொல்வது! எதிரே ஒரு காபி பாரில் நின்றபடியே குடித்தோம். உட்கார்ந்தால் பல கடைகளில் விலை கூடிவிடும்.

திறந்ததும் உள்ளே போனால் ஒரே இருட்டு. கம்பித் தடுப்புக்கு முன்னால் பத்துப் பதினைந்து பேர் அந்த இருட்டைப் பார்த்தபடி நிற்கிறார்கள். ஓரத்தில் ஓர் உலோகப் பெட்டி. அதில் காசு போட்டால்தான் விளக்கு எரியும். யாராவது போடட்டும் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். எந்த ஊரானாலும் மனுஷன் ஒன்றுதான்! அம்மா மணிபர்ஸைத் திறந்து ஒரு யூரோவைப் போட்டார். டக்கென்று ஒரு சத்தம், மூன்று சுவரும் ஒரே நேரத்தில் வெளிச்சமாகிவிட்டன.

இடப்பக்கச் சுவரில் இருப்பது ‘மத்தேயுவின் அழைப்பு’. 1600 வாக்கில் முடித்தது. வரி வசூலிக்கிறவர்கள் மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள். வலது ஓரத்தில் இயேசு கையை நீட்டிக் கூப்பிடுகிறார். அந்தக் கை, சிஸ்டைன் கூரையில் மைக்கேலாஞ்சலோ வரைந்த ஆதாமின் கை மாதிரியே இருக்கும். முந்தின நாள்தான் அங்கே அண்ணாந்து பார்த்திருந்ததால் எனக்கே பிடிபட்டது. வெளிச்சமும் வலப்பக்கமிருந்துதான் வருகிறது. அந்தச் சிற்றாலயத்தின் நிஜ ஜன்னல் இருப்பதும் வலப்பக்கம், பீடத்துக்கு மேலே. எதிர்ச்சுவரில் உள்ள ‘மத்தேயுவின் மரணம்’ ஓவியத்தில் வெளிச்சம் இடப்பக்கமிருந்து வரும், ஏனென்றால் அங்கிருந்து பார்த்தால் ஜன்னல் இடப்பக்கம். இந்தச் சுவருக்கென்றே அளந்து வரைந்தவை இவை. வேறெங்கே கொண்டுபோய் மாட்டினாலும் இந்தக் கணக்கு போய்விடும். பீடத்துக்கு அவர் முதலில் வரைந்த படத்தை வேண்டாம் என்று திருப்பிவிட்டார்கள். அது கைமாறிக் கைமாறி பெர்லின் அருங்காட்சியகத்துக்குப் போய் 1945இல் அழிந்துபோனது.

‘மத்தேயுவின் அழைப்பு’ ஓவியத்தில் யார் மத்தேயு என்று இன்னும் சண்டை ஓடுகிறது. தாடிக்காரர் ‘நானா?’ என்பதுபோல் விரலை நீட்டுகிறார், அவர்தான் என்பது பெரும்பாலோர் கட்சி. அந்த விரல் பக்கத்தில் குனிந்திருக்கும் பையனைக் காட்டுகிறது என்பது மறுகட்சி. “தலையைத் தூக்காம காசு எண்ணுறானே, அவன்தான்” என்றார் அம்மா. அதற்குள் விளக்கு அணைந்துவிட்டது. பெட்டியில் அடுத்த காசு என்னுடையது.

அங்கிருந்து இரண்டு மூன்று நிமிஷ நடையில் சான்ட் அகோஸ்தினோ. அதே ஓவியர், மாதா வாசற்படியில் நிற்கும் ஓவியம். முன்னால் மண்டியிட்ட கிழவரின் அழுக்குப் பாதங்கள் நம் முகத்துக்கு நேராகத் தெரியும். அந்தக் காலத்தில் அதற்கு ஒரே அமளியாம். தூணில் ரஃபேல் வரைந்த ஏசாயா தீர்க்கதரிசியும் இருக்கிறார். இன்னும் தெம்பிருந்தால் சாந்தா மரியா தெல் போபோலோவில் மேலும் இரண்டு கரவாஜ்ஜியோ. ஐந்து நிமிஷ டாக்சி, நாங்கள் டாக்சிதான். இந்த ஆறு கரவாஜ்ஜியோ ஓவியங்களில் எதையும் லண்டனிலோ பாரிசிலோ பார்க்கக் கட்டணம் கட்ட வேண்டியிருந்தால் மக்கள் கட்டியிருப்பார்கள். இங்கே எங்கள் செலவு மொத்தம் நான்கு யூரோ, டாக்சி தனி.

ஃப்ளோரன்ஸில் பொன்தே வெக்கியோ பாலம் தாண்டியதும் சாந்தா ஃபெலிச்சித்தா. உள்ளே வலப்பக்கம் பொன்தொர்மோ வரைந்த ஓர் ஓவியம். சிலுவையிலிருந்து இறக்கிய உடலைச் சுமக்கிறார்கள், ஆனால் படத்தில் சிலுவையே இல்லை. இளஞ்சிவப்பும் நீலமுமாக மனிதர்கள் மிதக்கிறார்கள். வாசலுக்கு மேலே, ஃப்ளோரன்ஸை ஆண்ட மெடிசி குடும்பத்தார் யாரும் பார்க்காமல் பூசை காண மாடம் கட்டியிருக்கிறார்கள், அண்ணாந்து பாருங்கள். வெனிஸில் சான் மார்கோ சதுக்கத்துக் கூட்டத்திலிருந்து ஐந்து நிமிஷம் தள்ளி சான் சக்கரியா. ஜொவான்னி பெல்லினி 1505இல் வரைந்த பீட ஓவியம், சட்டத்தின் கல் தூண்கள் அப்படியே ஓவியத்துக்குள்ளும் தொடர்ந்து போகும். நெப்போலியன் ஆட்கள் பாரிசுக்குத் தூக்கிப்போய்ப் பிறகு திரும்பி வந்தது இது. வெனிஸில் ஓர் இரவாவது தங்குங்கள். 2024 முதல் சில நாட்களில் பகலில் மட்டும் வந்துபோகிறவர்களிடம் கட்டணம் வாங்குகிறார்கள்.

நாள் பிரிப்பது பற்றியும் கேட்டிருந்தீர்கள். ரோம் நான்கு, ஃப்ளோரன்ஸ் இரண்டு, வெனிஸ் இரண்டு. ரோமிலிருந்து ஃப்ளோரன்ஸ் அதிவேக ரயிலில் ஒன்றரை மணி நேரம்தான். காலையில் சர்ச், மதியம் சாப்பாடும் தூக்கமும், சாயங்காலம் மறுபடி சர்ச் என்று வைத்துக்கொண்டால் கால் தாங்கும். தோளும் முட்டியும் மூடிய உடை வேண்டும், பைக்குள் ஒரு துப்பட்டா போதும். பூசை நடக்கும்போது ஓவியம் பார்க்கச் சுற்றாதீர்கள். அப்புறம், 50 சென்ட், ஒரு யூரோ நாணயங்களைக் காபி வாங்கும்போதெல்லாம் மாற்றிச் சேர்த்துக்கொள்ளுங்கள். அம்மா ஒரு பழைய மாத்திரை டப்பா நிறைய வைத்திருந்தார், வெனிஸ் போவதற்குள் தீர்ந்துவிட்டது.