விடியற்காலையில் மீன் ஏன் வாய் பிளக்கிறது?

கேள்வி: ஓமலூர் பக்கம் 50 சென்ட் குளத்தில் 3,500 கெண்டைக் குஞ்சு விட்டு ஆறு மாதம் ஆகிறது. தவிடும் கடலைப் புண்ணாக்குமாகத் தினம் 40 கிலோ போடுகிறேன். நான்கு நாளாக மேகமூட்டம். விடியும்போது கட்லாக் கெண்டை எல்லாம் மேலே வந்து வாய் பிளக்கின்றன. பத்து மணிக்குச் சரியாகிவிடுகிறது. என்ன மருந்து போடலாம்?

பதில்: இது நோயில்லை, மூச்சுத்திணறல். மருந்துக்குக் காசைக் கொட்டாதீர்கள். பச்சைப் பாசி வெயிலில் ஆக்சிஜன் விடும். இரவில் மீனோடு சேர்ந்து அதுவும் இழுக்கும். மேகமூட்டத்தில் பகல் வரவு குறைய, விடியலில் இருப்பு காலி. லிட்டருக்கு 3 மில்லிகிராமுக்குக் கீழே போனால் கெண்டை திணறும். மேல்மட்டத்தில் மேயும் கட்லாதான் முதலில் காட்டிக்கொடுக்கும்.

முழங்கை வரை கையை நீரில் விட்டுப் பாருங்கள். உள்ளங்கை தெரியாவிட்டால் பாசி அதிகம்.

ஏரேட்டர் (நீரில் காற்றைக் கலக்கும் கருவி) இல்லாத குளத்துக்கு ஹெக்டேருக்கு 5,000 முதல் 6,000 குஞ்சு என்பது கணக்கு. உங்கள் 50 சென்டுக்கு அதிகபட்சம் 1,200. நீங்கள் விட்டதோ மூன்று மடங்கு. 3,000 பிழைத்து, சராசரி 300 கிராம் என்றாலும் 900 கிலோ மீன். எடையில் 2 சதவீதம் என்றால் 18 கிலோ தீனி போதும். மிச்சம் அடியில் அழுகி, இருக்கிற ஆக்சிஜனையும் தின்கிறது.

இன்றைக்கே தீனியை நிறுத்துங்கள், சாணம் போடுவதானால் அதையும். குளத்து நீரையே மோட்டாரில் இறைத்துப் பீய்ச்சுங்கள், ஆறு மணிக்கு அல்ல, இரவு 2 மணிக்கே. போர் தண்ணீர் விடுவதானால் உயரத்திலிருந்து கல்லில் விழுந்து சிதறட்டும். ஆழ்துளை நீரில் ஆக்சிஜன் குறைவு, குழாய் வாயை நீருக்குள் விட்டால் பயனில்லை. அவசரப்பட்டுச் சுண்ணாம்பு வீசாதீர்கள்: மாலையில் பி.எச். (நீரின் அமில-கார அளவு) 8.5-ஐத் தாண்டியிருந்தால், சுண்ணாம்பு அதை இன்னும் ஏற்றி, அழுகலில் வரும் அம்மோனியாவின் நஞ்சைக் கூட்டும். திணறும் நேரத்தில் வலையும் வேண்டாம். சேறு கலங்கினால் மொத்தமும் போய்விடும். மீன் தெளிந்த பிறகு பெரியதாகப் பார்த்துப் பாதியை விற்றுவிடுங்கள்.

கேள்வி: ஏற்காட்டில் காபித் தோட்டக் குட்டையில் ரோகு வளரவே இல்லை. ஜனவரியில் செத்தும் போகிறது.

பதில்: ரோகு நன்றாக வளர 25 டிகிரிக்கு மேல் வெப்பம் வேண்டும். 1,500 மீட்டர் உயரத்தில் அது எங்கே? குளிர் தாங்கும் சாதாக் கெண்டை விடுங்கள். சாவுக்குக் காரணமாக நான் முதலில் சந்தேகிப்பது பல்ப்பர் (காபிப் பழத்தின் சதையை நீக்கும் இயந்திரம்) கழிவுநீரை. காபிப் பழச் சதையின் சர்க்கரை நீரில் புளித்து ஆக்சிஜனை உறிஞ்சிவிடும், புளிப்பும் ஏறும். அந்த நீர் குட்டையில் சேராதபடி வாய்க்காலைத் திருப்புங்கள்.

கேள்வி: தடைக்காலத்திலும் சேலம் மார்க்கெட்டில் கடல் மீன் வருகிறதே, எப்படி?

பதில்: கிழக்குக் கடலில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுக்குத்தான் தடை, நாட்டுப் படகு போகும். கேரளத்தில் தடை ஜூனில்தான் தொடங்கும் என்பதால் அங்கிருந்தும் லாரி வரும். இரண்டு தடையும் ஒரே நேரத்தில் இருக்கும் ஜூன் இரண்டாம் வாரத்தில் பழைய மீன் வரலாம், செவுளைத் திறந்து பார்க்காமல் வாங்காதீர்கள். மத்தி 10 செ.மீ., அயிலை 14 செ.மீ.க்குக் குறைந்தால் பிடிக்கக் கூடாது என்று கேரளம் வரையறுத்துள்ளது. கொச்சி மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் பரிந்துரை அது. விரல் நீள மத்தியைக் கூறு கட்டி வைத்திருந்தால் கைவைக்காதீர்கள்.