பூ விடுற நேரத்துல மிளகா இலை மஞ்சளாகுதா? உரத்துல கை வைக்கிறதுக்கு முன்னாடி வடியிற தண்ணியைப் பாருங்க

ஒரு தம்பி கேட்டிருக்கார். ரூமுக்குள்ள எல்ஈடி க்ரோ லைட்டுக்குக் கீழ நாலு மிளகாச் செடி வச்சிருக்கார், 12 லிட்டர் தொட்டி, மண்ணுக்குப் பதிலா கோகோபீட் (தேங்கா நார்த் தூள்). செடி தளதளன்னு வந்துச்சாம். பூ விட ஆரம்பிச்சு ரெண்டாவது வாரத்துலேர்ந்து அடி இலையெல்லாம் மஞ்சளாகுது, நரம்பு மட்டும் பச்சையா நிக்குது, சில இலையில ஓரம் கருகுது. உச்சியில இருக்கிற இலை படகு மாதிரி மேல்பக்கமா மடங்குது, பூவும் தினம் உதிருது. பூ பூஸ்டர்னு விக்கிற பாஸ்பரஸ், பொட்டாஷ் உரத்தை டபுள் டோஸ் போட்டிருக்கார், சரியாகல. அப்புறம் கால்சியம் மெக்னீசியம் கலவை வாங்கி ஊத்தியிருக்கார், இன்னும் மோசமாயிடுச்சு. "அண்ணா, எந்தச் சத்து குறையுது, அடுத்து எதை ஊத்தட்டும்?"னு கேக்குறார்.

தம்பி, இப்போதைக்கு எதையும் ஊத்தாதீங்க. நீங்க சொன்னதை வச்சுப் பாத்தா சத்து குறைஞ்சு வந்த பிரச்சனை மாதிரி தெரியல, அதிகமாகி வந்தது மாதிரிதான் இருக்கு. அதோட உங்க செடியில நடக்கிறது ஒரே பிரச்சனை இல்ல. அடி இலைக்கு ஒரு காரணம், உச்சி இலைக்கு வேற காரணம், பூ உதிர்றதுக்கு இன்னொண்ணு. மூணையும் ஒரே நோய்னு நினைச்சு ஒரே பாட்டில்ல மருந்து தேடுறதாலதான் இவ்ளோ குழப்பம்.

மஞ்சள் இலையைப் பாத்ததும் முதல்ல கேக்க வேண்டியது, அது பழைய இலையா புது இலையாங்கிறதுதான். நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாசியம், மெக்னீசியம் இந்த நாலும் செடிக்குள்ள இடம் மாறக்கூடியது. பத்தலைன்னா செடி அடி இலையிலேர்ந்து உருவி மேல துளிருக்கு அனுப்பிடும், அதனால அடி இலைதான் முதல்ல காட்டும். கால்சியம், இரும்பு, போரான் எல்லாம் போன இடத்துலயே உக்காந்துக்கும், அது பத்தலைன்னா துளிர்லதான் தெரியும். அடி இலை முழுசா ஒரே சீரா வெளுத்தா நைட்ரஜன். நரம்பு பச்சையா நின்னு நடுவுல மட்டும் மஞ்சளானா மெக்னீசியம். ஓரம் மட்டும் தீஞ்ச மாதிரி ஆனா பொட்டாசியம் குறைவு, இல்ல வேர்ல உப்பு ஏறியிருக்கு. இதே நரம்பு பச்சை, நடு மஞ்சள் உச்சித் துளிர்ல வந்தா அது இரும்பு. அப்ப இரும்புச் சத்து வாங்க ஓடாம பிஹெச்சை (அமிலமா காரமான்னு காட்டுற அளவு) பாருங்க. பிஹெச் ஏறிப்போனா இரும்பு தொட்டிக்குள்ள இருந்தும் வேரால எடுக்க முடியாது.

உங்க அடி இலை மெக்னீசியம் குறைவைத்தான் காட்டுது. ஆனா மெக்னீசியம் தொட்டியில இல்லைன்னு அர்த்தமில்ல. பொட்டாசியம் அதிகமானா வேர் மெக்னீசியத்தையும் கால்சியத்தையும் உள்ள விடாது, மூணும் ஒரே வாசல்ல போட்டி போடுற மாதிரி. நீங்க பூஸ்டரை டபுள் பண்ணது அந்த வாசலை அடைச்சிடுச்சு. கோகோபீட்டும் சும்மா இருக்காது, அதுக்குள்ள இயல்பாவே பொட்டாசியமும் சோடியமும் இருக்கு, சரியா கழுவி கால்சியம் நைட்ரேட்ல ஊற வைக்காத கோகோபீட்னா நீங்க ஊத்துற கால்சியம் மெக்னீசியத்தை அது புடிச்சு வச்சுக்கிட்டு பொட்டாசியத்தை வெளிய விடும். இதுக்கு மேல நீங்க இன்னொரு பாட்டிலையும் சேத்ததால மொத்த உப்பு ஏறி ஓரம் கருக ஆரம்பிச்சிருக்கு.

இதை யூகத்துல விடாதீங்க, அளந்து பாருங்க. வழக்கமா ஊத்துற உரத் தண்ணியை ஊத்தி, அடியில வடியிறதை ஒரு சுத்தமான டம்ளர்ல புடிச்சு ஈசி (தண்ணியில எவ்ளோ உப்பு கரைஞ்சிருக்குன்னு மீட்டர் காட்டுற அளவு, mS/cm கணக்குல), பிஹெச் ரெண்டும் பாருங்க. உள்ள போறது ஈசி 2.0, வடியிறது 2.2, 2.4னா கவலை இல்ல. உள்ள 2.0 போய் வெளிய 3.5 வருதுன்னா தொட்டி முழுக்க உப்பு. பிஹெச் கோகோபீட்டுக்கு 5.8லேர்ந்து 6.2, மண் கலவைன்னா 6.0லேர்ந்து 6.8. மீட்டரை கேலிபரேட் பண்ணி, அதாவது சரியாக் காட்டுதான்னு சோதிச்சு சரிபண்ணி, எவ்ளோ நாளாச்சுன்னும் பாத்துக்கோங்க. நானே ஒரு தடவை மீட்டர் தப்பாக் காட்டுறது தெரியாம மூணு வாரம் ஒரு செடியை சரிபண்ணிக்கிட்டே இருந்து கடைசில அதைப் பறிகொடுத்தேன், அந்தச் செடி இன்னைக்கும் மனசுல நிக்குது.

உப்பு ஏறியிருந்தா தொட்டியைக் கழுவணும். கோகோபீட்டை வெறும் தண்ணியில கழுவாதீங்க, லேசான உரத் தண்ணி, ஈசி 0.8லேர்ந்து 1.0, பிஹெச் 5.9 பக்கம் வச்சு, உங்க 12 லிட்டர் தொட்டிக்கு 20லேர்ந்து 24 லிட்டர் வரைக்கும் கொஞ்சம் கொஞ்சமா அரை மணி நேரத்துல ஊத்துங்க. வடியிற தண்ணியோட ஈசி 1.5க்கு கீழ வந்ததும் நிறுத்திடலாம். தட்டுல தேங்கினதை உடனே எடுத்துடுங்க, இல்லைன்னா செடி அதையே திரும்ப உறிஞ்சிடும். அப்புறம் தொட்டியைத் தூக்கிப் பாத்து எடை நல்லா குறைஞ்சதும்தான் அடுத்த தண்ணி. பூஸ்டரை எடுத்து ஓரமா வச்சுட்டு, சாதாரண காய் உரத்தை ஈசி 1.6ல ஆரம்பிச்சு மெதுவா 2.0க்கு கொண்டு போங்க, ஒவ்வொரு தடவையும் ஊத்துறதுல 10லேர்ந்து 20 சதவீதம் அடியில வடியணும். வேர் தேறுற வரைக்கும் கைகொடுக்க எப்சம் சால்ட் (மெக்னீசியம் சல்பேட்) ஒரு லிட்டருக்கு 5 கிராம் கரைச்சு, லைட் அணைச்ச அப்புறம் இலையோட அடிப்பக்கம் நனையிற மாதிரி வாரத்துக்கு ஒரு தடவை ரெண்டு வாரம் தெளிங்க, பூ மேல படாம.

உச்சி இலை மடங்குறது லைட் வேலைன்னு நினைக்கிறேன். நல்லா கிட்டப் போய் பாருங்க, லைட்டுக்கு நேரா இருக்கிற இலை மடங்கி வெளிறியிருக்கும், அதுக்குக் கீழ நிழல்ல இருக்கிறது தட்டையா பச்சையா இருக்கும். ஒரு இலை மேல இன்னொரு இலை பாதி மூடியிருந்தா, மூடின பாதி மட்டும் பச்சையா தனியா கோடு போட்ட மாதிரி தெரியும். அப்படித் தெரிஞ்சா சந்தேகமே வேண்டாம். பூ விடுற நேரத்துல செடி சட்டுனு உயரும், லைட்டை அதே உயரத்துல விட்டுட்டோம்னா தானா நெருங்கிடும். ஒரு சாண் மேல தூக்குங்க, இல்ல டிம்மர்ல 70 சதவீதத்துக்குக் குறைங்க.

ஆனா மேல்பக்கமா மடங்குறது இலைப்பேனாலயும் வரும், இதைப் பாக்காம விட்டீங்கன்னா லைட்டைத் தூக்கியும் பிரயோஜனம் இல்ல. ஒரு வெள்ளைப் பேப்பரைக் கீழ புடிச்சு துளிரையும் பூவையும் நாலு தட்டு தட்டுங்க. மெல்லிசா ஊசி முனை மாதிரி நகர்ற மஞ்சள், பழுப்பு பூச்சி விழுந்தா இலைப்பேன், இலையில வெள்ளி மாதிரி மினுக்குற கீறலும் கருப்புப் புள்ளியா எச்சமும் இருக்கும். துளிர் கீழ்ப்பக்கமா சுருண்டு, சின்னதாகி, காம்பு மட்டும் நீண்டு, அடிப்பக்கம் வெண்கல நிறமா மினுங்குனா அது மஞ்சள் முரணைச் சிலந்தி. மிளகாய்க்கு அது பெரிய எதிரி, வெறுங்கண்ணுக்குத் தெரியாது, நல்லா பெரிசாக் காட்டுற லென்ஸ் வேணும். நிறைய பேர் இதை கால்சியம் குறைவுன்னு நினைச்சு உரம் ஊத்தி மாசக்கணக்குல செடியை இழுத்தடிக்கிறாங்க, பாக்கவே கஷ்டமா இருக்கும். சிலந்திக்கு நனையும் கந்தகம் (தண்ணியில கலக்கித் தெளிக்கிற கந்தகத் தூள்) நல்லா கேக்கும், ஆனா வேப்பெண்ணெய் தெளிச்சு ரெண்டு வாரம் ஆகாம அதைத் தெளிச்சா இலை கருகிடும், ரூம் 30 டிகிரிக்கு மேல இருந்தாலும் வேண்டாம். அளவும், தெளிச்சு எத்தனை நாள் கழிச்சு காய் பறிக்கலாம்ங்கிறதும் பாக்கெட்லயே போட்டிருக்கும், அதை மீறாதீங்க, சாப்பிடப் போற காய்.

பூ உதிர்றதுக்கு முதல்ல சூட்டைப் பாருங்க. பகல்ல 32 டிகிரிக்கு மேல போனாலோ, ராத்திரி 24க்கு கீழ இறங்கலைன்னாலோ மிளகா பூவைக் கழட்டி விட்டுடும். அடுத்தது காத்து. மிளகாப் பூவுல ஆண், பெண் ரெண்டு பாகமும் ஒரே பூவுலயே இருக்கு, ஆனா மகரந்தம் உதிர ஒரு ஆட்டம் வேணும், மூடின ரூமுக்குள்ள அதுக்கு ஆள் இல்ல. சின்ன ஃபேன் ஒண்ணு செடி லேசா அசையிற மாதிரி வைங்க, லைட் போட்டு ரெண்டு மூணு மணி நேரம் கழிச்சு பூங்கொத்தை விரலால மெல்ல சுண்டி விடுங்க. எல்லாம் செஞ்ச பிறகும் கொஞ்சம் பூ உதிரத்தான் செய்யும், தாங்குற அளவுக்குத்தான் செடி காய் வைக்கும்.

மஞ்சளான இலை லேசா தேறலாம், கருகின ஓரம் திரும்ப பச்சையாகாது, அதைப் பாத்துட்டு "சரியாகலையே"ன்னு மறுபடி பாட்டிலைத் தூக்காதீங்க. இன்னைக்கு உச்சித் துளிர்ல ஒரு நூலை லூசா கட்டி வைங்க, பத்து நாள் கழிச்சு நூலுக்கு மேல வந்த இலை எப்படி இருக்குன்னு மட்டும் பாருங்க. பாதிக்கு மேல பச்சை இருக்கிற இலையைக் கிள்ளவும் வேண்டாம், அதுவும் காய்க்கு சோறு போட்டுக்கிட்டுதான் இருக்கு. போட்டோ எடுத்து அனுப்புறதா இருந்தா க்ரோ லைட்டை அணைச்சுட்டு ஜன்னல் வெளிச்சத்துல எடுங்க. அந்த ஊதா வெளிச்சத்துல எது மஞ்சள் எது பச்சைன்னு யாராலயும் சொல்ல முடியாது. இலையோட மேல்பக்கம் ஒண்ணு, அடிப்பக்கம் ஒண்ணு, கூடவே வடிஞ்ச தண்ணியோட ஈசி, பிஹெச் நம்பரும் அனுப்புங்க, பாத்துட்டு சொல்றேன்.