81 டொலர் தானே எண்டு வள்ளம் வாங்கலாமோ?

கேள்வி: வணக்கம் அண்ணை. வயசு 39, கனடா ஸ்காபரோவில இருக்கிறன், பிள்ளையளுக்கு 8, 11 வயசு. ஊர் மயிலிட்டி, சின்னனில அப்பாவோட வள்ளத்தில போன ஆசை இன்னும் விடேல்ல. கடையில 11 அடி காத்தடிக்கிற வள்ளம் 2,600, அதுக்கு 9.9 எச்பி ஃபோர் ஸ்ட்ரோக் மோட்டர் 4,200, வரியோட 7,684 டொலர். இப்ப ஒரு சதமும் வைக்கத் தேவையில்லயாம், ரெண்டு கிழமைக்கு ஒருக்கா 81 டொலர், அஞ்சு வருசம். எங்களுக்குச் செலவெல்லாம் போக மாசம் 650 மிஞ்சுது, டிஎஃப்எஸ்ஏ எண்ட வரியில்லாச் சேமிப்புக் கணக்கில 9,000 கிடக்கு, கிரெடிட் காட்டில 3,900 கடன். மோட்கேஜ் 430,000, இன்னும் 20 வருசம், 2021 ஒக்ரோபரில 1.79 வீதத்துக்கு எடுத்தது, இந்த ஒக்ரோபர் ரினியூவல், புது வட்டி வீதம் வரும். மனுசி வேண்டாம் எண்டுறா, மச்சான் சீட்டைக் கழிச்சு எடுத்து வாங்கு எண்டுறார். இந்தச் சமருக்கே வாங்கவோ?

பதில்: தம்பி, வாங்கலாம், ஆனா இந்தச் சமருக்கு இல்ல, அந்தக் கடையில இல்ல, கடனுக்கு இல்லவே இல்ல.

முதல் அந்த 81ஐப் பாப்பம். வருசத்துக்கு 26 தரம் கட்டுவீங்கள், மாசக் கணக்குக்கு மாத்தினா 175 டொலர் வரும். 650இல 175 தானே போகுது, சமாளிக்கலாம் எண்டு உங்களுக்குத் தோன்றும், கடைக்காரனும் உங்கட இண்டைய வரவு செலவைத் தான் பாக்கிறான். ஆனா ஒக்ரோபரில 1.79 போய் ஒரு 4 வீதம் வந்துது எண்டா உங்கட மோட்கேஜ் மாசம் கிட்டத்தட்ட 470 டொலர் கூடும். 650இல 470ஐக் கழிச்சுப் பாருங்கோ, மிச்சம் 180. வள்ளத்துக்கு 175. அதாவது நவம்பரில இருந்து கார் பிரேக் மாத்த வேணும் எண்டாலும் பிள்ளைக்குப் பல்லுக்குக் கம்பி கட்ட வேணும் எண்டாலும் திரும்ப கிரெடிட் காட் தான். மனுசி இந்தக் கணக்கைப் போட்டுத்தான் வேண்டாம் எண்டவவோ தெரியாது, ஆனா விடை சரி.

81ஐ 130 தரம் கட்டினா 10,530. ரொக்க விலைக்கு மேல 2,850 டொலருக்குக் கிட்ட வட்டி, அந்தக் காசுக்குக் கிட்டத்தட்ட இன்னொரு வள்ளமே வாங்கிப்போடலாம். சீட்டும் இதே கதை தான் தம்பி. முந்தி எடுக்க நீங்கள் விடுற கழிவு தான் அதுக்கு வட்டி, பேர் தான் வேற, மச்சான் அதைச் சொல்லியிருக்க மாட்டார்.

இன்னொண்டு, எத்தினை நாள் ஓட்டப்போறீங்கள்? ஜூன் தொடங்கி செப்ரெம்பர் வரைக்கும் ஸ்காபரோத் தமிழ் ஆக்களுக்குச் சனி ஞாயிறு சொந்தமா இருக்கோ, கலியாணவீடு, சாமத்தியவீடு, அரங்கேற்றம், கோயில் தேர், ஊர்ச் சங்க பிக்னிக் எல்லாம் போய், மழை பெய்யிற நாளும் காத்தடிக்கிற நாளும் போய் (சிம்கோ ஏரி காத்தடிச்சா 11 அடி வள்ளத்தோட பிள்ளையளை ஏத்திக்கொண்டு போற இடம் இல்ல) பத்து நாள் கிடைச்சாப் பெரிய காரியம். வருசம் கட்டுற 2,106ஐப் பத்தால பிரிச்சா ஒரு தரத்துக்கு 210 டொலர், இதில காஸ், பார்க்கிங், வள்ளத்தைத் தண்ணியில இறக்கிற ராம்ப் காசு ஒண்டும் இல்ல. அதால இந்தச் சமர் வாடகைக்கு எடுத்து ஓட்டிப் பாருங்கோ. ஸ்கூகொக் ஏரி, பீற்றர்பரோப் பக்கம் கவார்த்தா ஏரியள் எல்லாம் மரீனாவில சின்ன மோட்டர் போட் வாடகைக்குக் குடுக்கிறாங்கள். பிள்ளையளுக்கு ரெண்டாம் தரமும் போக விருப்பமோ எண்டு அதிலயே தெரிஞ்சிடும்.

இப்ப மே மாசம். நாளைக்கே டிஎஃப்எஸ்ஏயில இருந்து 3,900 எடுத்து கிரெடிட் காட்டை அடையுங்கோ. 19.99 வீத வட்டியில அது மாசம் 65 டொலர் தின்னுது, டிஎஃப்எஸ்ஏ உங்களுக்கு அப்பிடி ஒண்டும் உழைச்சுத் தராது. எடுத்த அளவு காசைத் திரும்பப் போடுற இடம் வாற ஜனவரி திரும்ப வரும், அதால பயப்பிடாதேங்கோ. மிச்சம் 5,100ஐத் தொடவேண்டாம், வேலை போனா அது தான் கைகுடுக்கும். ஜூனில இருந்து ஒக்ரோபர் வரைக்கும் அந்த 650ஓட இந்த 65ஐயும் சேத்துத் தனி எக்கவுண்டில போட்டா 3,500 சொச்சம் வரும். அது தான் உங்கட வள்ளத்துக் காசு, அதுக்கு மேல ஒரு சதம் இல்ல. கண்டிப்பான ஆக்கள் 5,100 ஒரு அவசரக் காசே இல்ல, இன்னும் ரெண்டு வருசம் பொறு எண்டு சொல்லுவினம். கணக்குப்படி அது பிழையில்ல, ஆனா மூத்தவருக்கு 11 வயசு, இன்னும் நாலைஞ்சு வருசத்தில அப்பாவோட மீன் பிடிக்க வரச்சொன்னா ஃபோனை விட்டு நிமிரமாட்டார், அதால நான் அப்பிடிச் சொல்லேல்ல. ஒக்ரோபரில புது மோட்கேஜ் எவ்வளவு எண்டு கையில கடிதம் வந்திடும், எதிர்பாத்ததை விடக் கூடினா இந்த 3,500 அதுக்குப் போகும், வள்ளம் அடுத்த வருசம். அவ்வளவு தான்.

ஒக்ரோபர் நவம்பர் தான் செகண்ட் ஹாண்ட் வாங்கிற நேரமும். வின்டருக்கு மோட்டரைச் சேர்விஸ் பண்ணி, கராஜில இடம் பிடிச்சு வைக்க அலுப்பில நிறையப் பேர் விலையைக் குறைச்சுத் தள்ளி விடுவினம், மே மாசம் அதே சாமானுக்கு அடிபிடி.

வாங்கேக்க வள்ளத்தையும் மோட்டரையும் ரெண்டு சாமானாப் பாருங்கோ. கடை அதை ஒரு விலையாக் கட்டித் தந்திருக்கு, ஆனா ரெண்டுக்கும் ஆயுள் வேற. காத்தடிக்கிற பிவிசி வள்ளம் வெயிலில கிடந்து பழுதாகிற சாமான், ஒட்டின மூட்டு விடும், கராஜில எலி கடிக்கும், வித்தாலும் பெரிசா ஒண்டும் வராது. மோட்டர் அப்பிடி இல்ல, வருசா வருசம் ஒயில் மாத்தி, ரெண்டு மூண்டு வருசத்துக்கு ஒருக்கா இம்பெல்லர் (தண்ணி இழுக்கிற சின்னச் சக்கரம்) மாத்தி, வின்டருக்குப் பழைய காஸை கார்பரேட்டரில விடாம வைச்சா நல்ல விலைக்குத் திரும்ப விக்கலாம். அதால 3,500இல பெரும்பங்கை மோட்டருக்குப் போடுங்கோ, வள்ளத்தில சிக்கனம் பிடியுங்கோ. பழைய வள்ளம் எண்டா முதல் நாள் காத்தடிச்சு வைக்கச் சொல்லி அடுத்த நாள் போய் அமத்திப் பாத்திட்டுக் காசு குடுங்கோ.

9.9 எச்பி சரி, அதை விட்டு 15, 20க்குப் போகாதேங்கோ. 10 எச்பியில இருந்து வள்ளத்துக்கு லைசென்ஸ் நம்பர் எடுத்துப் பக்கத்தில எழுத வேணும், விலையும் பாரமும் கூட. ஆனா எந்தச் சின்ன மோட்டர் எண்டாலும் ஓட்டுறவருக்கு ஒப்பரேட்டர் காட் வேணும், ஒன்லைனில சோதினை எழுதலாம், 60 டொலர் அளவில முடியும், ஆயுள் முழுக்கச் செல்லும், இந்தச் சமரே எடுத்து வையுங்கோ. நாலு லைஃப் ஜாக்கெற், 15 மீற்றர் மிதக்கிற கயிறு, துடுப்பு, விசில், தண்ணி இறைக்கிற வாளி, தண்ணி போகாத டோர்ச், இதெல்லாம் சட்டத்துக்கே வேணும், 300, 400 டொலரை இதுக்கு ஒதுக்குங்கோ. வீட்டு இன்சூரன்ஸ்காரருக்கு அடிச்சு இந்த வள்ளத்துக்கும் அடுத்தவனுக்கு வாற சேதத்துக்கும் கவர் இருக்கோ எண்டும் கேளுங்கோ. மற்றது, வள்ளத்தில பியர் அடிச்சிட்டுப் பிடிபட்டா ஒன்ராறியோவில கார் லைசென்ஸும் போகும், மச்சானுக்கு இதை முதலே சொல்லி வையுங்கோ.

மோட்டர் பாக்கப் போகேக்க வர முந்தி ஸ்ரார்ட் பண்ண வேண்டாம் எண்டு சொல்லிப்போட்டுப் போங்கோ, போனவுடன மூடியைத் தொட்டுப் பாருங்கோ, சூடா இருந்தா ஏன் எண்டு கேளுங்கோ. ஓடேக்க பின்பக்கம் தண்ணி இடைவிடாம நூலாப் பீச்ச வேணும். கடலில ஓடினதோ ஏரியில மட்டும் ஓடினதோ எண்டு கேளுங்கோ, உப்புத்தண்ணி மோட்டருக்குச் செய்யிறதை மயிலிட்டி ஆளுக்கு நான் சொல்லத் தேவையில்ல. கடைசியா கீழ இருக்கிற கியர் ஒயில் ஸ்குரூவைக் கொஞ்சம் கழட்டிக் காட்டச் சொல்லுங்கோ, ஒயில் பால் தேத்தண்ணி நிறத்தில வந்தா உள்ளுக்குத் தண்ணி போயிட்டுது, 500 டொலர் குறைக்கிறன் எண்டாலும் வேண்டாம் எண்டிட்டு வாங்கோ.