ரசிகர் வரைந்த படத்தை விளம்பரத்தில் போடலாமா?

கேள்வி: நண்பரும் நானும் சேர்ந்து ஒரு போர்டு கேம் வெளியிட்டோம். அதன் கணினி வடிவம் ஸ்டீம் என்ற இணைய விளையாட்டுக் கடையில் ஏர்லி அக்சஸில் (முழுதாக முடியும் முன்பே விற்கும் நிலையில்) ஓடுகிறது. முழு வெளியீடு நெருங்குகிறது. ரசிகர்கள் எங்கள் கதாபாத்திரங்களை வரைகிறார்கள், அவற்றைப் போல வேடமிட்டு காஸ்பிளே செய்கிறார்கள், ஒருவர் மாட் (ஆட்டத்தை மாற்றியமைக்கும் ரசிகர் தயாரிப்பு) கூட உருவாக்கியிருக்கிறார். எல்லாம் எங்கள் ஹேஷ்டேக்கில்தான் வருகிறது. கதாபாத்திரம் எங்களுடையதுதானே, இவற்றை எடுத்து டிரெய்லரிலும் விளம்பரத்திலும் போட்டால் என்ன? காசு கொடுக்க வேண்டுமா?

பதில்: கதாபாத்திரம் உங்களுடையதுதான். அந்தப் படம் வரைந்தவருடையது. உங்கள் அனுமதியில்லாமல் அவர் அதை அச்சடித்து விற்றால் நீங்கள் ஆட்சேபிக்கலாம். அதனால் படம் உங்கள் சொத்தாகிவிடாது. அனுமதி பெறாமல் வரைந்த படத்துக்கு எவ்வளவு பாதுகாப்பு என்பது நாட்டுக்கு நாடு மாறும். ஆனால் அந்தச் சட்ட நுணுக்கத்தைப் பிடித்துக்கொண்டு உங்கள் ரசிகரிடமே வாதாடுகிற நிலை வந்தால், வழக்கில் ஜெயித்தாலும் வியாபாரத்தில் தோற்றுவிட்டீர்கள்.

ஹேஷ்டேக் போட்டது சம்மதம் ஆகாது. அதன் பொருள் ‘பாருங்கள்’ என்பது மட்டுமே. அவருடைய பதிவை அந்தத் தளத்தின் பகிர்வு பொத்தானை அழுத்திப் பகிர்வதில் சிக்கல் குறைவு; பெயரும் இணைப்பும் கூடவே வரும். படத்தைத் தரவிறக்கி, ஓரத்தில் இருக்கும் கையெழுத்தை வெட்டி, உங்கள் லோகோவை ஒட்டி மறுபடி ஏற்றுவது வேறு வேலை. துரதிர்ஷ்டவசமாக அதைத்தான் பலரும் செய்கிறார்கள்.

எனவே கேளுங்கள். ‘உங்கள் படத்தைப் பயன்படுத்தலாமா?’ என்று மொட்டையாகக் கேட்காதீர்கள்; எங்கே, எதற்கு, எவ்வளவு காலம் என்று சொல்லிக் கேளுங்கள். இப்படி எழுதினால் போதும்: “நீங்கள் வரைந்த இந்தப் படத்தை எங்கள் வெளியீட்டு டிரெய்லரிலும், ஆறு மாதத்துக்குக் கட்டண விளம்பரங்களிலும் பயன்படுத்த விரும்புகிறோம். அளவைத் தவிர எதையும் மாற்ற மாட்டோம். இதற்கு இவ்வளவு தருகிறோம். உங்கள் பெயரை எப்படிக் குறிப்பிட வேண்டும்? படத்தின் உரிமை உங்களிடமே இருக்கும்.” பதில் எழுத்தில் வரட்டும், அதைச் சேமித்து வையுங்கள். பதிலே வராவிட்டால் அனுமதி இல்லை என்றே கொள்ளுங்கள்.

காசு விஷயத்தில் என் அளவுகோல் எளிது. அந்த இடத்துக்கு ரசிகர் படம் கிடைக்காமல் போயிருந்தால் ஓர் ஓவியரை அமர்த்தியிருப்பீர்களா? ஆம் என்றால், ஓவியருக்குக் கொடுத்திருக்கும் தொகையை ரசிகருக்கும் கொடுங்கள். டிரெய்லர், பெட்டியின் அட்டை, கட்டண விளம்பரம் எல்லாம் இந்த வகை. வாரந்தோறும் ‘ரசிகர் பக்கம்’ என்று சமூக வலைத்தளத்தில் போடுவதற்குச் சம்மதமும் பெயரும் போதும். போட்டி நடத்துகிறீர்களா? ‘வந்த படைப்புகள் அனைத்தும் நிறுவனத்துக்கே சொந்தம்’ என்ற விதியை எங்கிருந்தாவது நகலெடுத்து ஒட்டிவிடாதீர்கள். பரிசு பெற்ற படைப்புக்கு மட்டும், பயன்படுத்தும் உரிமை மட்டும் கேளுங்கள்.

காஸ்பிளே படங்களில் ஆட்கள் அதிகம். வேடமிட்டவர் ஒருவர், எடுத்தவர் இன்னொருவர். புகைப்படத்தின் காப்புரிமை பெரும்பாலும் எடுத்தவரிடம் இருக்கும், முகம் வேடமிட்டவருடையது. இருவரிடமும் கேட்க வேண்டும். வேடமிட்டவர் சிறுவர் என்றால் பெற்றோரின் சம்மதமில்லாமல் தொடவே வேண்டாம். காணொளிகளில் பின்னணி இசையைக் கவனியுங்கள். ரசிகர் மனதார அனுமதி கொடுத்தாலும், அவர் போட்டிருக்கும் பாட்டுக்கு அவரால் அனுமதி கொடுக்க முடியாது.

ஸ்டீம் கடைப் பக்கத்துக்குத் தனி எச்சரிக்கை. அங்கே ஸ்கிரீன்ஷாட் பகுதி உண்மையான ஆட்டக் காட்சிகளுக்கு மட்டுமே உரியது. ஓவியங்களுக்கு அங்கே இடமில்லை. மாட் போட்டு அழகாக்கிய காட்சியையும் தவிருங்கள். வாங்குகிறவர் அந்தத் தோற்றத்தை நம்பி வாங்கி, அது இல்லையென்றால் பணத்தைத் திரும்பக் கேட்பார், கூடவே ஒரு மோசமான விமர்சனமும் எழுதுவார். ரசிகர் ஓவியங்களை அறிவிப்புப் பதிவுகளில் போடலாம்.

மாட் விஷயம் வேறு. நல்ல மாட் விளம்பரத்தோடு நின்றுவிடுவதில்லை, சில நேரம் அதுவே அடுத்த தயாரிப்பாகிவிடும். 1999இல் ஹாஃப்-லைஃப் என்ற கணினி ஆட்டத்துக்கான மாடாகத் தொடங்கியதுதான் கவுன்டர்-ஸ்டிரைக். ஹாஃப்-லைஃபை உருவாக்கிய வால்வ் நிறுவனம் அந்த மாடின் உரிமையை வாங்கி, உருவாக்கியவர்களையும் வேலைக்குச் சேர்த்து, 2000இல் தனி ஆட்டமாக விற்றது. செகா நிறுவனம் தன் சோனிக் ஆட்டத் தொடரில் 2017இல் வெளியிட்ட சோனிக் மேனியாவை உருவாக்கிய குழுவின் தலைவர் கிறிஸ்டியன் வைட்ஹெட், சோனிக் ரசிகராக ஆட்டங்கள் செய்து பெயர் பெற்றவர். மேசை விளையாட்டில், சுவீடனின் மோர்க் போர்க் என்ற ஆட்டம் தன் விதிகளோடு பொருந்தும் நூல்களை யார் வேண்டுமானாலும் எழுதி விற்கலாம் என்று உரிமம் கொடுத்தது. ரசிகர்களின் பங்களிப்புகளைத் தொகுத்து ஃபெரெட்டரி என்ற அதிகாரப்பூர்வ இணைப்பு நூலையும் கொண்டுவந்தது. மூன்றிலும் ரசிகரின் உழைப்பை எடுத்துக்கொண்டு ஆளை வெளியே நிறுத்தவில்லை என்பதைக் கவனியுங்கள்.

எதிர்த்திசையில் போனவர்களும் உண்டு. 2021இல் கேம்ஸ் வொர்க்‌ஷாப் ரசிகர் அனிமேஷன்களே கூடாது என்று தன் வழிகாட்டுதல்களில் சொன்னதும், அது வெளியிடும் வார்ஹேமர் ஆட்டத்தின் ரசிகர்கள் கொதித்தார்கள். 2023 ஜனவரியில் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற மேசை விளையாட்டின் பழைய திறந்த உரிமத்தை (பிறர் அதன் விதிகளைப் பயன்படுத்த விடும் உரிமம்) இறுக்கும் வரைவு கசிந்தபோது எழுந்த எதிர்ப்பில், அதன் வெளியீட்டாளரான விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் அந்த மாதமே பின்வாங்கி, அடிப்படை விதித்தொகுப்பை, யாரும் பயன்படுத்த வழிவிடும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியிட வேண்டியதாயிற்று. கொடுக்காமல் இருப்பதைவிடக் கொடுத்ததைப் பறிப்பது ரசிகர்களை அதிகம் புண்படுத்தும்.

ஆகவே முழு வெளியீட்டுக்கு முன் ஒரு பக்கத்தில் ரசிகர் படைப்புக் கொள்கை எழுதி வெளியிடுங்கள். எதை இலவசமாகச் செய்யலாம், எதை விற்கலாம், காணொளியில் விளம்பர வருமானம் பார்க்கலாமா, உங்கள் லோகோவைப் போடலாமா என்பதை வக்கீல் மொழி இல்லாமல் சொல்லுங்கள். பிறகு ஒரு வக்கீலிடம் காட்டிச் சரிபாருங்கள், அந்தச் செலவு வீண்போகாது.

ரசிகருக்குப் பணமோ இலவசப் பிரதியோ கொடுத்து அவர் உங்கள் ஆட்டத்தைப் பற்றிப் பதிவிட்டால், அதை அவர் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். அமெரிக்கா உட்படப் பல நாடுகளில் இது கட்டாயம். அவருக்கு நினைவூட்டுவது உங்கள் பொறுப்பு.

பின்னாளில் ஒருவர் மனம் மாறி ‘என் படத்தை எடுத்துவிடுங்கள்’ என்று கேட்கலாம். இணையத்தில் இருப்பதை, ஒப்பந்தம் உங்கள் பக்கம் இருந்தாலும், எடுத்துவிடுங்கள். அச்சான பெட்டியிலிருந்து எடுக்க முடியாது. அச்சுக்குப் போகும் படங்களுக்கு மட்டும் இதை முதல் கடிதத்திலேயே தெளிவாக எழுதிவிடுங்கள்.